ஆறு மணி நேரம்

வெட்டுப்பட்ட கைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. முன்கை, புஜம், கால் என்று தசை உள்ள எந்தப் பாகமானாலும் ரத்த ஓட்டம் நின்றுபோனால் சாதாரண வெப்பத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் தாங்கும். அதற்கப்புறம் தசை சாக ஆரம்பிக்கும். செத்த தசையை உடம்போடு சேர்த்துத் தைத்தால் அதில் தேங்கிய கழிவெல்லாம் ரத்தத்தில் இறங்கி இதயத்தையும் சிறுநீரகத்தையும் அடிக்கும். கையைக் காப்பாற்றப் போய் ஆளைப் பறிகொடுக்க வேண்டி வரும். விரலில் தசை கிடையாது; எலும்பும் நாணும் தோலும்தான். அதனால் விரல் பன்னிரண்டு மணி நேரம் வரைக்கும் தாங்கும், குளிர்ச்சியாக வைத்திருந்தால் ஒரு நாள்கூடத் தாங்கும். இது டாக்டர்களின் கணக்கு. இதில் சாதி இல்லை. யார் கையாக இருந்தாலும் ஆறு மணி நேரம் ஆறு மணி நேரம்தான். ஆனால் அந்த ஆறு மணி நேரத்தை யார் எங்கே செலவழிக்க நேருகிறது என்பதில் சாதி இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வன்கொடுமை என்றால் நாம் சாவுகளைத்தான் எண்ணுகிறோம். கீழவெண்மணி, மேலவளவு என்று சாவுகளின் பெயரால்தான் ஊர்களை நினைவில் வைத்திருக்கிறோம். நினைவுநாள் நடத்துகிறோம், சுவரொட்டி ஒட்டுகிறோம். அது வேண்டியதுதான். ஆனால் வெட்டுப்பட்டும் சாகாமல் போனவர்களுக்கு நினைவுநாள் கிடையாது. அவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ஒரு கையால் வேட்டி கட்டிக்கொண்டு, பல்லால் கவர் பிரித்துக்கொண்டு, பொண்டாட்டி பிசைந்து கொடுத்ததைத் தின்றுகொண்டு இருக்கிறார்கள்.

வெட்ட வருகிறவன் கையைத் தேடுகிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த மாணவனை, கூடப் படித்த ஆதிக்கச் சாதிப் பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள். அவன் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அடுத்த மாதமே ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த மாணவனை இறக்கி விரல்களை வெட்டினார்கள். எழுதுகிற விரல், வண்டியின் ஆக்சிலேட்டரைத் திருகுகிற கை. எது அவர்களுக்கு உறுத்துகிறதோ அதைத்தான் வெட்டுகிறார்கள். ஏகலைவனிடம் துரோணன் ஏன் காதைக் கேட்கவில்லை, மூக்கைக் கேட்கவில்லை? கையின் வேலையில் நூற்றுக்கு நாற்பது பங்கு பெருவிரலுடையது என்று இன்றைக்கு அறுவை மருத்துவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். ஆச்சாரியாருக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

என் பெரியம்மா மகன் கொத்தனார். சுவர் கட்டுவதில் எங்கள் பக்கத்தில் அவர் பேர் தெரியாதவர்கள் இல்லை. ஊர்க்காரர்கள் வீடுகளில் பாதி அண்ணன் கட்டியதுதான். 2018ஆம் வருஷம் மே மாதம் சேரியில் ஒரு சாவு. வழக்கமாக வயல் வரப்பில், சேற்றில் இறங்கித்தான் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த முறை பொதுச் சாலையில் கொண்டுபோனோம். அதற்கு முன்னாலேயே பாதை கேட்டுக் கலெக்டருக்குக் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து அண்ணனுடையது. பத்து நாள் கழித்து, வேலை முடித்து வருகிறவரை ஏரிக்கரையில் மறித்தார்கள். தலைக்கு வந்த அரிவாளை வலது கையால் தடுத்திருக்கிறார். பெருவிரல் தனியாகத் துண்டாகி விழுந்துவிட்டது. இரண்டாவது வெட்டு மணிக்கட்டில். நாண்கள் அறுந்து, ஒரு பெரிய ரத்தக்குழாய் அறுந்து, கை தொங்கிப்போனது.

இருட்டில் விரலைத் தேடியது பெரியம்மாதான். செல்போன் வெளிச்சத்தில் புல்லைத் தடவித் தடவிக் கண்டெடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். "எம்புள்ள வெரலு, நாய் தூக்கினு போயிடக் கூடாதுன்னுதான் எடுத்தேன். திரும்ப ஒட்டுவாங்கன்னு எனக்கு என்னா தெரியும்" என்று பின்னால் சொன்னார்.

நான் அன்று எழுதிவைத்த நேரங்கள் இவை. வழக்குக்கு உதவும் என்று குறித்தேன். வெட்டு நடந்தது 7.15க்கு. 108க்குப் போன் போட்டாயிற்று. வண்டியும் வந்தது. ஆனால் சேரிக்கு வருகிற ஒரே தார்ச்சாலை ஊருக்குள் கோயில் வாசல் வழியாக வருகிறது. அங்கே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கலவரமாக இருக்கிறது, அடங்கட்டும் என்று சொல்லி டிரைவரை நிறுத்திவைத்துவிட்டார்கள். 8 மணி வரைக்கும் பார்த்துவிட்டு, அண்ணனை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்துக் கரை மேலேயே மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோனோம். 8.20க்கு ஆம்புலன்ஸில் ஏற்றினோம். 8.45க்குத் தாலுகா ஆஸ்பத்திரி. போலீசுக்கு மெமோ போக வேண்டும், அவர்கள் வந்து வாக்குமூலம் எழுத வேண்டும் என்று அங்கே முக்கால் மணி நேரம். 9.30க்குக் கிளம்பி 10.20க்கு மாவட்ட ஆஸ்பத்திரி. அங்கே பெரிய டாக்டரைப் போனில் பிடித்து, சீட்டு எழுதி, வேறு வண்டி ஏற்பாடு செய்ய ஒரு மணி ஐந்து நிமிஷம். 11.25க்குக் கிளம்பி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது நடுராத்திரி 1 மணி.

மொத்தம் ஐந்தே முக்கால் மணி நேரம். இதில் சாலையில் ஓடியது மூன்று மணி பத்து நிமிஷம். நின்றது இரண்டு மணி முப்பத்தைந்து நிமிஷம். கட்டுப் போடவும் குளுக்கோஸ் ஏற்றவும் ஊசி போடவும் அரை மணி நேரம் நியாயமாகத் தேவை, ஒத்துக்கொள்கிறேன். மீதி இரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு யார் பொறுப்பு? கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவன் கையில் அரிவாள் இல்லை. மெமோ எழுதச் சொன்னவர் கையிலும் இல்லை. ஆனால் அரிவாள் ஆரம்பித்த வேலையை அவர்கள் தொடர்ந்துகொண்டிருந்தார்கள்.

அந்த ராத்திரியில் நாங்கள் பார்த்த மனுஷி தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ். பெரியம்மா முந்தானையை அவிழ்த்துக் காட்டியதும் அவர் முகம் சுளிக்கவில்லை. யாரோ ஒரு பையன் விரலை அப்படியே ஐஸ்கட்டி மேல் போடப் போனான். "டேய், போடாத. ஐஸ் நேரா பட்டா வெந்த மாதிரி ஆயிடும், அப்பறம் ஒட்டாது" என்று கையைத் தட்டிவிட்டார். உப்புத் தண்ணீர் பாட்டிலை உடைத்துத் துணியை நனைத்து, விரலை அதில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு கவருக்குள் வைத்தார். ஐஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? பஸ் ஸ்டாண்டு மீன்காரர் தெர்மோகோல் பெட்டியிலிருந்து. மேலே 'வெட்டு நடந்த நேரம் 7.15' என்று பிளாஸ்திரியில் எழுதி ஒட்டினார். "இத எங்க போனாலும் மொதல்ல காட்டுங்க தம்பி" என்றார். அந்தப் பிளாஸ்திரிதான் எங்களுக்கு உண்மையான சீட்டாக இருந்தது.

துண்டான கையை ஒட்டுவது பழைய வித்தை இல்லை. 1962இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், சரக்கு ரயிலில் தொற்றி ஏறிக் கையை இழந்த பன்னிரண்டு வயதுப் பையனுக்கு ரொனால்டு மால்ட் என்ற மருத்துவரின் குழு முழங்கைக்கு மேலே துண்டான கையைத் திரும்பப் பொருத்தியது. அடுத்த வருஷமே, 1963 ஜனவரியில், ஷாங்காய் ஆறாவது மக்கள் மருத்துவமனையில் சென் சோங்வெய் குழுவினர் இயந்திரத்தில் துண்டான ஒரு ஆலைத் தொழிலாளியின் வலது கையை ஒட்டினார்கள். 1965இல் ஜப்பானில் கொமாட்சுவும் தமாயும் முழுசாகத் துண்டான பெருவிரலை நுண்ணோக்கி வைத்துத் தைத்தார்கள். விரலின் ரத்தக்குழாய் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அதைத் தைக்கிற நூல் தலைமுடியைவிட மெல்லியது. கொடுத்துவைத்தவர்களின் உடம்பில் இந்த வித்தை வளரவில்லை. ரயிலில் தொற்றிய பையன், இயந்திரத்தில் கை கொடுத்த கூலி என்று இப்படிப்பட்டவர்களின் உடம்பில்தான் வளர்ந்தது.

நம் ஊரிலும் அப்படித்தான். பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் சினிமாக்காரர்களின் மூக்கு ஞாபகம் வருகிறது நமக்கு. ஆனால் 1970களில் டாக்டர் ஆர். வெங்கடசாமி சென்னை ஸ்டான்லியில் கைக்கென்றே ஒரு பிரிவை வளர்த்தெடுத்தபோது அங்கே வரிசையில் நின்றவர்கள் யார்? வடசென்னையின் பட்டறைகளிலும் ஆலைகளிலும் துறைமுகத்திலும் கை நசுங்கினவர்கள். விரல் நுனி போனால் பக்கத்துத் தோலை முக்கோணமாக நகர்த்தி மூடும் முறை ஒன்றை அவரும் சுப்பிரமணியனும் 1980இல் எழுதினார்கள். உலகம் முழுக்க அது பாடமானது. அதே ஸ்டான்லியில் 2018 பிப்ரவரியில், மின்சாரம் தாக்கி இரண்டு கைகளையும் இழந்த திண்டுக்கல் மாவட்டத்துக் கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு, மூளைச்சாவு அடைந்தவரின் கைகளைப் பொருத்தினார்கள். அதுவும் அரசு ஆஸ்பத்திரியில், காசு வாங்காமல். எனவே நம் ஆட்களின் கைகளைக் காப்பாற்றும் அறிவு நம் நாட்டிலேயே இருக்கிறது. நம் ஆட்களின் கைகளில்தான் அது கற்கப்பட்டது.

இதில் இன்னொரு வித்தையும் உண்டு. பெருவிரல் அடியோடு போய், ஒட்டவும் முடியாமல் ஆகிவிட்டால் கால் விரலை எடுத்துக் கைக்குப் பெருவிரலாக வைக்கிறார்கள். அது பிடிக்கிறது, எழுதுகிறது. தலையில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று உடம்பைப் பங்கு போட்டு நமக்கு எந்தப் பங்கையும் கொடுக்காதவர்கள் அந்த அறுவை சிகிச்சையை ஒருமுறை பார்க்க வேண்டும். கால் கையாகிறது. உடம்புக்கு அதில் எந்த ஆட்சேபமும் இல்லை.

மாவட்ட ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பணியில் இருந்தவர் இளம் டாக்டர். கெட்டவர் இல்லை. கையைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மணிக்கட்டோட எடுத்துட்டா பத்து நாள்ல வீட்டுக்குப் போயிடலாம். ஒட்டினா மாசக்கணக்கா அலையணும், ரெண்டு மூணு ஆபரேஷன் ஆகும். கூலி வேலை செய்றவங்க, தாங்குவீங்களா?" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் முழு நினைவோடுதான் இருந்தார். "சார், கரண்டி புடிக்கிற கை சார். அலையறது எங்களுக்குப் புதுசா? அலையறோம்" என்றார்.

எடுப்பதா வைப்பதா என்பது லேசான கேள்வி இல்லை. சில நேரம் எடுப்பதுதான் உயிரைக் காக்கும். முன்பெல்லாம் அதை டாக்டரின் கண்ணும் அனுபவமும் முடிவு செய்தன. காலுக்கு இதற்கென்று மதிப்பெண் முறைகள் வந்தன. அவற்றில் ஒன்று கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் எஸ்.ராஜசேகரனும் எஸ்.ராஜசபாபதியும் உடன் மருத்துவர்களும் உருவாக்கி 2006இல் வெளியிட்டது. தோல், எலும்பு, தசை-நரம்பு மூன்றுக்கும் தனித்தனியாக மார்க் போட்டு, வயது, சர்க்கரை போன்றவற்றுக்கும் சேர்த்துக் கூட்டுகிறார்கள். 14க்குள் இருந்தால் காலைக் காப்பாற்றலாம். 17க்கு மேல் போனால் எடுத்துவிடுவது நல்லது. 15, 16 என்பது இரண்டும்கெட்டான். அந்த இரண்டும்கெட்டான் இடத்தில் அனுபவமும் ஆளின் நிலைமையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு அந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. சந்தேகத்தின் பலன் யாருக்கு? 'கூலிக்காரன், அலையமாட்டான்' என்று நமக்காக இன்னொருவர் முடிவெடுத்தால் அந்த 15, 16 எல்லாம் நமக்கு 17 ஆகிவிடும். கேட்டு முடிவெடுங்கள் என்பதுதான் நாம் வைக்க வேண்டிய முதல் கோரிக்கை.

நேரம் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பஞ்சாபைப் பார்க்க வேண்டும். மான்சா மாவட்டத்தில் பந்த் சிங் என்ற தலித் பாடகர், விவசாயக் கூலிகளின் சங்கத்தில் இருந்தவர். தன் மகளுக்கு நேர்ந்த கொடுமைக்கு வழக்கு நடத்தித் தண்டனை வாங்கிக் கொடுத்தார். அந்தக் கோபத்தில் 2006 ஜனவரியில் அவரை இரும்புக் கம்பியால் அடித்துப் போட்டார்கள். கைகளும் கால்களும் நொறுங்கின. முதலில் சேர்த்த இடத்தில் உரிய சிகிச்சை கிடைக்கவில்லை என்று அப்போதே பெரிய பிரச்சினை எழுந்தது. சண்டிகருக்குக் கொண்டுபோகும்போது சதை அழுகிவிட்டிருந்தது. இரண்டு கைகளையும் ஒரு காலையும் எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டே அவர் பாடினார். நாம் எல்லாரும் அதைப் பெருமையாகச் சொல்கிறோம், நானும் மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் பாடியதைச் சொல்லும்போது, சரியான சிகிச்சை சரியான நேரத்தில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அண்ணனை அறுவை அரங்குக்குள் கொண்டுபோனது 1.40க்கு. வெளியே வந்தது காலை 10 மணிக்கு மேலே. முதலில் காயத்தைக் கழுவி, செத்த சதையை வெட்டி எடுத்து, எலும்பைக் கம்பி வைத்து நிறுத்தி, நாண்களைத் தைத்து, பிறகு ரத்தக்குழாய், நரம்பு, தோல் என்று ஒவ்வொன்றாகச் செய்ததாக டாக்டரம்மா சொன்னார். விரலுக்கு ரத்தம் திரும்பியபோது வெள்ளையாக இருந்தது சிவப்பாக மாறியதை விவரித்தார். எட்டு மணி நேரம் குனிந்து தைத்தவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். யார், எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு வெட்டுப்பட்டது என்று மட்டும்தான் கேட்டிருந்தார். பிளாஸ்திரியைக் காட்டினேன்.

அதோடு முடிந்துவிடவில்லை. இரண்டாம் நாள் விரல் கறுக்க ஆரம்பித்தது. திரும்பப் பிரித்துத் தைத்தார்கள். வார்டில் பீடி வாசனையே கூடாது. பீடிப் புகை ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். நகத்தை அழுத்திவிட்டு நிறம் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று மணிக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும். அண்ணிக்கு நர்ஸ் அதைக் கற்றுக்கொடுத்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற அண்ணி ஒரு வாரம் தூங்காமல் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அறுந்த நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு வந்து சேர ஆறேழு மாசம் ஆகும். அதுவரைக்கும் சூடு தெரியாது, முள் குத்தினால் தெரியாது. வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சிக்குப் போக வேண்டும். போகவர பஸ் செலவு, கூடப் போகிற அண்ணிக்கும் அன்றைய கூலி நஷ்டம். ஆபரேஷனுக்கு அரசாங்கம் காசு கேட்கவில்லை. ஆனால் தைத்த கை வேலை செய்கிற கை ஆவதற்கு ஆகும் செலவை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. பாதியில் பயிற்சியை நிறுத்தியவர்களின் கைகள் கட்டை மாதிரி விறைத்துப்போவதை அந்த வார்டில் நான் பார்த்தேன். சங்கத் தோழர்கள் மாதம் இருநூறு, முந்நூறு என்று போட்டு ஒரு வருஷம் பஸ் செலவைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் கழித்து அண்ணன் கரண்டியைப் பிடித்தார். குளிர்காலத்தில் கை வலிக்கிறது. கனமான கல்லைத் தூக்க முடியாது. பூச்சு வேலை செய்கிறார்.

அதன் பிறகு வந்தது காகிதம். 2016இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் ஊனத்துக்கு நிவாரணம் வகுத்திருக்கிறார்கள். நூறு சதவீதம் என்றால் 8.25 லட்சம், ஐம்பதுக்கு மேலே நூறுக்குக் கீழே 4.5 லட்சம், ஐம்பதுக்குக் கீழே 2.5 லட்சம். மருத்துவக் குழு அண்ணன் கைக்குப் போட்டது 38 சதவீதம். அலுவலகத்தில் ஃபைலைப் புரட்டிய குமாஸ்தா பரிதாபப்பட்டுத்தான் சொன்னார்: "அவசரப்பட்டு ஒட்டிட்டீங்க தம்பி. எடுத்திருந்தா நாலரை வந்திருக்கும்."

அந்த இரண்டு லட்சத்தை நான் பல நாள் யோசித்தேன். இந்தக் கணக்குப்படி, ஒரு நர்ஸும் ஒரு டாக்டரம்மாவும் ஒரு வருஷப் பயிற்சியும் சேர்ந்து எங்களுக்கு இரண்டு லட்சம் நஷ்டம் ஏற்படுத்தியிருக்கிறார்கள். காப்பாற்றியதற்காக ஏற்பட்ட செலவு, இழந்த கூலி, ஒவ்வொரு மார்கழியிலும் வருகிற வலி எதுவும் சதவீதத்தில் வராது. இல்லாமல்போன உறுப்பை அளக்கத் தெரிந்த சட்டத்துக்கு, பாடுபட்டு மீட்ட உறுப்பை அளக்கத் தெரியவில்லை.

நீதிமன்றத்திலும் இதேதான். எதிர்த்தரப்பு வக்கீல் அண்ணனைக் கூண்டில் நிறுத்தி, "கையை மடக்குங்க, விரிங்க, இந்தப் பேனாவைப் பிடிங்க" என்றார். அண்ணன் பிடித்தார். "பார்த்துக்கோங்க, கை நல்லாத்தான் இருக்கு. கொலை முயற்சியாம்" என்றார். அண்ணன் கை நடுங்கினாலும் பேனாவைக் கீழே போடவில்லை. வெளியே வந்ததும், "பேனாவை நழுவ விட்டிருக்கலாமேண்ணே" என்று ஒரு பையன் சொன்னான். "ஏன்டா போடணும்? புடிக்கிறதுக்குத்தான் ஒரு வருஷம் பாடுபட்டேன்" என்றார் அண்ணன். வழக்கு இன்னும் நடக்கிறது.

காயம்பட்டு வருகிறவருக்கு முதலில் சிகிச்சை, போலீஸ் நடைமுறையெல்லாம் பிறகுதான் என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அரசு டாக்டர், தனியார் டாக்டர் எல்லாருக்கும் பொருந்தும். ரயிலிலிருந்து விழுந்த ஒரு விவசாயக் கூலித் தொழிலாளியை மேற்கு வங்கத்தில் அரசு ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பியபோது, அவருடைய சங்கமே வழக்குப் போட்டது. 1996இல் தீர்ப்பு வந்தது. அவசர சிகிச்சை தராதது உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று சொல்லி, அரசு நஷ்டஈடு தர வேண்டும் என்றார்கள். வழக்குப் போட்டது ஒரு கூலிகள் சங்கம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. இந்த இரண்டு தீர்ப்புகளின் நகலும் நம் ஒவ்வொரு தோழர் பையிலும் இருக்க வேண்டும். மெமோ வரட்டும் என்று நிறுத்தினால் எடுத்துக் காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் 108 வண்டி 2008இல் வந்தது. 2021 டிசம்பரில் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை என்ற திட்டம் வந்தது. 2022இல் ஒரே நாளில் பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். இதெல்லாம் நல்லது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 2023இல் நாங்குநேரிப் பையனின் கைக்காக சென்னை ஸ்டான்லியிலிருந்து டாக்டர்கள் திருநெல்வேலிக்குப் போக வேண்டியிருந்தது. அறுநூறு கிலோமீட்டருக்கு மேலே. டாக்டர்கள் போனார்கள், அது பெரிய காரியம். எல்லாக் கைக்கும் அமைச்சர் ஆள் அனுப்ப முடியாது. நுண்ணோக்கியும், அதில் தைக்கத் தெரிந்தவரும், மயக்க மருந்து கொடுப்பவரும் ராத்திரி இரண்டு மணிக்குத் தயாராக இருக்கிற ஒரு அரசு ஆஸ்பத்திரி, தமிழ்நாட்டின் எந்தச் சேரியிலிருந்தும் மூன்று மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். இதை ஆதிதிராவிடர் நலக் கோரிக்கை என்று தனியாக எழுத வேண்டாம். ஆலையில் கை போகிறவனுக்கும், கரும்பு மெஷினில் கை போகிறவளுக்கும், லாரியில் கால் நசுங்குகிறவனுக்கும், அவன் எந்தச் சாதியானாலும், அது வேண்டும்.

அரசாங்கம் செய்யும்வரைக்கும் நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. எப்.ஐ.ஆர். எப்படிப் போடுவது, எந்தப் பிரிவு கேட்பது என்று ஊர் ஊராகப் பயிற்சி கொடுக்கிறோம். இனி இதையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். ரத்தம் கொட்டுகிற இடத்தைச் சுத்தமான துணி வைத்து விடாமல் அழுத்து, கையை உயர்த்திப் பிடி. காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதே. தோலில் தொங்கினாலும் அறுத்துப் போடாதே. சிம்பு வைத்துக் கட்டு. துண்டானதைத் தண்ணீரில் ஊறப்போடாதே. ஈரத்துணி, கவர், கட்டு, அப்புறம் ஐஸ் தண்ணீர். ஐஸ் நேராகப் படக் கூடாது. வெட்டுப்பட்ட நேரத்தை எழுதி ஒட்டு.

எங்கள் வட்டாரத்தில் இதை இப்போது பெரியம்மாதான் சொல்லிக்கொடுக்கிறார். மேடையேறிப் பேச அவருக்கு வராது. கூட்டத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு முருங்கைக்காயை விரல் நீளத்துக்கு ஒடித்து, ஈரத்துணியில் சுற்றிக் கவரில் போட்டுக் காட்டுகிறார். போன மாதம் ஒரு பொண்ணு கேட்டது: "ராத்திரில ஐஸுக்கு எங்க போறது ஆயா?" பெரியம்மா யோசிக்கவே இல்லை. "மீன்காரர் நம்பர் எழுதி வெச்சிக்கடி" என்றார். எல்லாரும் செல்போனை எடுத்தார்கள்.